ஹாம்பர்க்கில் நூறு இரவுகள்: பீட்டில்ஸின் முதல் வெளிநாட்டுப் பயணம்

1960 டிசம்பர் 27. லிவர்பூலை ஒட்டியுள்ள லிதர்லேண்ட் டவுன் ஹாலில் ஒரு நடன நிகழ்ச்சி. விளம்பரத்தில் ஒரு குழுவின் பெயரோடு 'நேராக ஹாம்பர்க்கிலிருந்து' என்று போட்டிருந்தார்கள். யாரோ ஜெர்மன்காரர்கள் வாசிக்க வந்திருக்கிறார்கள் என்றுதான் வந்தவர்களில் பலர் நினைத்தார்கள். திரை விலகியதும் பால் மெக்கார்ட்னி தொண்டை கிழிய ஒரு லிட்டில் ரிச்சர்ட் பாட்டை எடுத்தார். ஜோடி ஜோடியாக ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு மேடையை நோக்கி ஓடினார்கள். நிகழ்ச்சி முடிந்து பேச வந்தவர்களில் சிலர், இவர்கள் ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறார்களே என்று ஆச்சரியப்பட்டார்கள்.

நிகழ்ச்சியை நடத்திய பிரையன் கெல்லி உடனே உடை மாற்றும் அறையின் வாசலில் ஆளை நிறுத்தினார். வேறு எந்த அமைப்பாளரும் உள்ளே போய் அவர்களைப் பேசி முடித்துவிடக் கூடாது என்பதற்காக. பிறகு அங்கேயே அடுத்தடுத்த தேதிகளுக்கு அவர்களைப் பிடித்துப் போட்டார். அன்றைய கூலி, குழு முழுவதற்கும் சேர்த்து, ஆறு பவுண்டு.

அதே பையன்களை ஏழு மாதம் முன்பு லிவர்பூலில் யாரும் பெரிதாக மதித்ததில்லை. அதனால்தான் இந்த நிகழ்வை எடுத்துப் பார்க்கத் தோன்றியது. இடையில் நடந்தது ஒரே ஒரு வெளிநாட்டுப் பயணம். ஆகஸ்ட் நடுவில் போனார்கள், நவம்பர் கடைசியிலும் டிசம்பர் தொடக்கத்திலுமாக ஆளுக்கொரு திசையில் திரும்பி வந்தார்கள். அந்தப் பயணத்தில் என்ன நடந்தது, எது அவர்களை மாற்றியது, அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்று பார்க்கலாம்.

போவதற்கு முன்

1960 மே மாதம் அவர்கள் ஜானி ஜென்டில் என்ற பாடகருக்குப் பின்னால் வாசித்துக்கொண்டு ஸ்காட்லாந்தில் ஒரு சின்னச் சுற்றுப் போய் வந்தார்கள். கையில் காசில்லை, வேன் விபத்தில் டிரம்மருக்கு அடி. திரும்பி வந்த கொஞ்ச நாளில் அந்த டிரம்மர் டாமி மூர் பாட்டில் தொழிற்சாலை வேலையே மேல் என்று போய்விட்டார். அடுத்து வந்த நார்மன் சாப்மனைக் கட்டாய ராணுவ சேவை கூட்டிக்கொண்டு போயிற்று. அந்தக் கட்டாய சேவைக்கு அப்போது ஆயுள் முடியப் போகிறது. 1939 அக்டோபரிலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களை அது தொடவில்லை. ஜான் லெனன் பிறந்தது 1940 அக்டோபரில். ஓரிரு வருடம் முன்னே பிறந்திருந்தால் இந்தக் கதையே வேறு.

குழுவில் அப்போது நால்வர். லெனனுக்கு வயது 19. மெக்கார்ட்னிக்கு 18, பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தார். ஜார்ஜ் ஹாரிசனுக்கு 17, ஒரு பல்பொருள் அங்காடியில் எலக்ட்ரீஷியன் பயிற்சியில் சேர்ந்து அதையும் விட்டிருந்தார். நான்காமவர் ஸ்டூவர்ட் சட்கிளிஃப், வயது 20, லெனனின் ஓவியக் கல்லூரி நண்பர். அவர் அசல் ஓவியர். ஜான் மூர்ஸ் கண்காட்சியில் அவர் ஓவியம் ஒன்று 65 பவுண்டுக்கு விலை போனது. நண்பர்களின் பேச்சைக் கேட்டு பேஸ் கிட்டார் வாங்கினார். வாசிக்கக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

டிரம்மர் எங்கே என்று யாராவது கேட்டால், தாளம் எங்கள் கிட்டாரிலேயே இருக்கிறது என்று சமாளிப்பார்களாம்.

யார் வழி காட்டினார்கள்

ஹாம்பர்க் வாய்ப்பை இவர்கள் தேடிப் போகவில்லை. அது பல கை மாறி, மற்றவர்கள் வேண்டாம் என்ற பிறகு இவர்களிடம் வந்தது. அந்தக் கைகளில் சிலவற்றின் பெயர் இந்தக் கதையில் அடிக்கடி விடுபட்டுப் போகிறது. எனக்கு அது உறுத்துகிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

லிவர்பூலில் ஆலன் வில்லியம்ஸ் என்பவர் ஜாக்கரண்டா என்ற காபி பார் நடத்திவந்தார். அதன் நிலவறையில் ராயல் கரீபியன் ஸ்டீல் பேண்ட் என்ற குழு எண்ணெய்ப் பீப்பாயில் செய்த வாத்தியங்களை வாசித்துக்கொண்டிருந்தது. ஒருநாள் அவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஹாம்பர்க் போய்விட்டார்கள். போனவர்கள் அங்கிருந்து கடிதம் எழுதினார்கள்: ஊர் பிரமாதமாக இருக்கிறது, வந்து பாருங்கள் என்று. அந்தக் கடிதத்தை நம்பித்தான் வில்லியம்ஸ் 1960 ஜனவரியில் ஹாம்பர்க் போனார். கூடப் போனவர் லார்ட் உட்பைன். டிரினிடாட்டில் பிறந்த கலிப்ஸோ பாடகர், 1948இல் எம்பயர் விண்ட்ரஷ் கப்பலில் இங்கிலாந்து வந்திறங்கியவர். அசல் பெயர் ஹரால்ட் ஃபிலிப்ஸ். கைசர்கெல்லர் என்ற கிளப்பின் முதலாளி புரூனோ கோஷ்மீடரை வில்லியம்ஸ் சந்தித்தார். லிவர்பூல் குழுக்களின் ஒலிநாடா ஒன்றை எடுத்துப் போயிருந்தார். போட்டுப் பார்த்தால் வெறும் இரைச்சல். அத்தோடு பேச்சு நின்றது.

பிறகு நடந்தது முழுக்கத் தற்செயல். ஜூலையில் டெர்ரி அண்ட் தி சீனியர்ஸ் என்ற லிவர்பூல் குழுவுக்குப் பேசியிருந்த வேலை கடைசி நேரத்தில் கைவிட்டுப் போனது. அவர்களைச் சமாதானப்படுத்த வில்லியம்ஸ் லண்டனுக்கு, சோஹோவிலுள்ள டூ ஐஸ் காபி பாருக்கு அழைத்துப் போனார். பாடகர் தேடி வந்த கோஷ்மீடர் அன்று அங்கே உட்கார்ந்திருந்தார். அங்கேயே பேசி முடிந்தது. டெர்ரி வில்கி லிவர்பூலில் பிறந்த கறுப்பினப் பாடகர். கைசர்கெல்லரில் அவர் குழு நன்றாகப் போகவே, தன் இன்னொரு இடத்துக்கும் ஒரு குழு வேண்டும் என்று கோஷ்மீடர் சொல்லி அனுப்பினார்.

லிவர்பூலின் ரோரி ஸ்டார்ம் குழு கோடை முழுவதும் பட்லின்ஸ் விடுதியில் மாட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு லிவர்பூல் குழுவின் ஜெர்ரி மார்ஸ்டன் வர மறுத்தார். மிச்சம் இருந்தவர்கள் பீட்டில்ஸ். செய்தி ஹாம்பர்க்குக்கு எட்டியபோது சீனியர்ஸின் சாக்ஸபோன்காரர் ஹோவி கேஸி, இந்தக் குழுவை அனுப்பினால் எல்லோருடைய பிழைப்பும் கெட்டுவிடும் என்று வில்லியம்ஸுக்கு எழுதினார். அவர் பொறாமையில் எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. அன்றைய நிலையில் அது நியாயமான மதிப்பீடு.

டிரம்மர் இல்லாமல் போக முடியாது. மோனா பெஸ்ட் தன் வீட்டு நிலவறையில் கஸ்பா என்ற கிளப் நடத்திவந்தார். அவர் மகன் பீட் பெஸ்டிடம் புத்தம் புது டிரம் செட் இருந்தது, அவர் குழுவோ கலையும் நிலையில் இருந்தது. ஆகஸ்ட் 12 அன்று வாசித்துக் காட்டினார், சேர்த்துக்கொண்டார்கள். நாலு நாள் கழித்துப் பயணம்.

வேனும் கப்பலும்

ஆகஸ்ட் 16. வில்லியம்ஸின் ஆஸ்டின் வேனில் குழுவினர் ஐந்து பேர், வில்லியம்ஸ், மனைவி பெரில், பெரிலின் சகோதரர் பாரி சாங், லார்ட் உட்பைன் என்று ஒன்பது பேர். லண்டனில் கோஷ்மீடரின் மொழிபெயர்ப்பாளர் ஏறியதும் பத்து. கிட்டார்களும் டிரம்ஸும் பெட்டிகளும் கூரைமேல்.

ஹார்விச் துறைமுகத்தில் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. வலையிலும் கயிற்றிலும் கட்டிய அந்த வேன் கிரேனில் தொங்குகிறது. கீழே கப்பல்துறை, மேலே வெறும் வானம். கூரையில் கட்டிய மூட்டைகள் அப்படியே இருக்கின்றன. அவர்களுடைய மொத்தச் சொத்தும் ஒரே கொக்கியில் நிற்கிறது. அளவுக்கு மீறி ஏற்றிய அந்த வண்டியைத் தூக்கக் கப்பல்துறை ஆட்கள் முதலில் தயங்கியதில் ஆச்சரியம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐவரில் ஒருவரிடமும் ஜெர்மனியில் வேலை செய்ய அனுமதி இல்லை. யாராவது கேட்டால் விடுமுறைக்கு வந்த மாணவர்கள் என்று சொல்லச் சொல்லியிருந்தார் வில்லியம்ஸ். பதினேழு வயதுப் பையன் ஒருவன் கூட இருக்கும்போது இப்படிக் கூட்டிப் போனது பெரிய தவறு. பின்னால் எல்லாம் இடிந்து விழுந்தது இந்த இடத்திலிருந்துதான்.

ஹாலந்தில் இறங்கி ஆர்னம் அருகே ஊஸ்டர்பீக் போர்க் கல்லறையில் வண்டியை நிறுத்தினார்கள். 1944இல் அங்கே நடந்த சண்டையில் இறந்த வீரர்களின் கல்லறை. நினைவுக் கல்லின் முன் வில்லியம்ஸ், பெரில், உட்பைன், சட்கிளிஃப், மெக்கார்ட்னி, ஹாரிசன், பெஸ்ட் உட்கார்ந்திருக்கும் படம் இன்றும் கிடைக்கிறது. லெனன் படத்தில் இல்லை. வேனை விட்டு இறங்க மாட்டேன் என்றுவிட்டார். போர் முடிந்து பதினைந்து வருடம்தான் ஆகியிருந்தது. 1941 மே மாதம் ஜெர்மன் விமானங்கள் லிவர்பூலைக் குண்டு போட்டுத் தகர்த்தன. 1943 ஜூலையில் பிரிட்டிஷ் விமானங்கள் ஹாம்பர்க்கை எரித்தன. இரண்டுமே துறைமுக ஊர்கள், இரண்டுமே இடிபாடுகளுக்கு நடுவே குழந்தைகள் வளர்ந்த ஊர்கள். இந்த ஐந்து பேரும் பாடப் போனது அப்படி ஒரு ஊருக்கு.

யானை தொங்கிய தெரு

ஆகஸ்ட் 17 அன்று ஹாம்பர்க் வந்து, அன்று இரவே மேடை ஏறினார்கள்.

ஊரில் அந்தப் பகுதிக்குப் பெயர் சங்க்ட் பௌலி. அதன் பெரிய சாலை ரீப்பர்பான், ஒரு காலத்தில் கப்பல் கயிறு திரித்த இடம். அதிலிருந்து பிரியும் குரோஸ ஃபிரைஹைட் தெருவுக்குப் 'பெருஞ்சுதந்திரம்' என்று பொருள். பெயரைக் கேட்டு இன்றைய கேளிக்கையை நினைக்கத் தோன்றும், ஆனால் அது பழைய மதச் சுதந்திரத்தைக் குறித்தது. ஹாம்பர்க்கில் இடம் மறுக்கப்பட்ட கத்தோலிக்கர்கள் அங்கே வழிபடலாம். அவர்களுடைய புனித யோசேப்பு தேவாலயம் கிளப்புகளுக்கு நடுவில் இன்றும் நிற்கிறது.

இவர்களுக்குக் கிடைத்த இடம் அந்தத் தெருவின் 64ஆம் எண். ஆடை களையும் நடனம் நடந்துகொண்டிருந்த சின்னக் கிளப். பெயர் இந்த்ரா. தெருவின் குறுக்கே ஒரு விளக்கு யானை தொங்கும். நம் இந்திரனும் அவன் ஐராவதமும் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள் பாருங்கள். முதல்நாள் உள்ளே இருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கனத்த திரைச்சீலைகள் ஒலியைத் தின்றன. வெளிச்சம் மங்கல்.

தங்கும் இடம் கோஷ்மீடருக்குச் சொந்தமான பாம்பி கினோ என்ற பழைய சினிமாக் கொட்டகை. திரைக்குப் பின்னால், கழிவறையை ஒட்டி, ஜன்னலே இல்லாத சரக்கு அறைகள். ஒன்றில் மூவர். அதைவிட இருட்டான இன்னொன்றில் மெக்கார்ட்னியும் பெஸ்டும். விடிகாலையில் படுத்தவர்களைப் பகல்காட்சிப் படத்தின் துப்பாக்கிச் சத்தம் எழுப்பும். முகம் கழுவ, சவரம் செய்ய எல்லாம் படம் பார்க்க வருகிறவர்களின் கழிவறைத் தண்ணீர்தான். பசிக்குக் கார்ன்ஃப்ளேக்ஸும் பாலும். துறைமுகத்துப் பிரிட்டிஷ் மாலுமிகள் இல்லத்தில் மலிவாக முட்டையும் உருளைக்கிழங்கு வறுவலும் கிடைக்கும். அங்கே போன நாள்தான் ஊர்ச் சாப்பாடு சாப்பிட்ட நாள்.

கூலி ஆளுக்கு ஒரு நாளைக்கு 30 மார்க், அன்றைய கணக்கில் சுமார் இரண்டரை பவுண்டு. லிவர்பூலில் அவர்கள் பார்த்ததை வைத்துப் பார்த்தால் நல்ல பணம். வேலை, வாரநாளில் நாலரை மணி நேரம், சனி ஞாயிறில் ஆறு மணி நேரம். ஒரு மணி அல்லது ஒன்றரை மணி வாசித்தால் அரை மணி ஓய்வு. இரவு எட்டுக்குத் தொடங்கி விடிகாலை இரண்டு வரை. வார இறுதியில் அதற்கும் மேல்.

அந்த இரவுகள் அவர்களை என்ன செய்தன

லிவர்பூலில் ஒரு குழு ஏறினால் ஒரு மணி நேரம் வாசிக்கும். அதற்குப் பதினைந்து பாட்டு போதும், அதில் சிறந்ததை மட்டும் வாசித்துவிட்டு இறங்கிவிடலாம். இங்கே முதல் வாரத்திலேயே கையிருப்பு தீர்ந்துவிட்டது. தெரிந்த பாட்டு எல்லாவற்றையும் இரண்டு தடவை பாடியாயிற்று, மணி இன்னும் பன்னிரண்டு ஆகவில்லை. அப்புறம் என்ன செய்வது? இசைத்தட்டுகளின் பின்பக்கப் பாட்டுகளைத் தேடினார்கள். பழைய நாடகப் பாட்டு, நாட்டுப்புறப் பாட்டு, காதல் பாட்டு என்று காதில் விழுந்ததையெல்லாம் ராக் அடியில் வாசித்தார்கள். ரே சார்ல்ஸ் பாட்டு ஒன்றை இழுத்து இழுத்துப் பல நிமிடங்கள் ஓட்டுவார்கள். நடுவில் ஒருவர் கிட்டாரில் தனியாக அலைவார், மற்றவர்கள் அவர் எப்போது திரும்புவார் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டே தாளத்தை விடாமல் பிடித்திருப்பார்கள். அடுத்தவர் எங்கே போகப் போகிறார் என்று சொல்லாமலே தெரிந்துகொள்ளும் பழக்கம் அங்கேதான் வந்தது. நம் ஊரில் இதைச் சாதகம் என்போம். சாதகம் வீட்டுக்குள் நடக்கும், கச்சேரி வெளியே நடக்கும். அவர்களுக்கு இரண்டும் ஒரே மேடையில், ஒரே நேரத்தில், காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் நடந்தது.

தொண்டை விஷயமும் அப்படித்தான். ஒரே பாடகரை நம்பிய குழு அந்த நேரத்தைத் தாங்காது. இவர்களில் லெனன், மெக்கார்ட்னி, ஹாரிசன் மூவரும் பாடுவார்கள். ஒருவர் களைத்தால் இன்னொருவர். மூன்று குரல் சேர்ந்து பாடும் பாட்டுகளும் இதனால் பெருகின. பெஸ்ட் தன் பங்குக்குக் காலால் பெரிய டிரம்மை விடாமல் உதைத்துக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தம் வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போக வேண்டும்.

தெருவுக்கு ஏன் போக வேண்டும் என்றால், அங்கே உள்ளே வருவதற்கு யாரும் முன்கூட்டி டிக்கெட் எடுப்பதில்லை. நடந்துபோகிறவன் சத்தம் கேட்டு எட்டிப் பார்ப்பான். பிடித்தால் பீர் வாங்கி உட்காருவான், பிடிக்காவிட்டால் எதிர்க் கிளப்புக்குப் போய்விடுவான். வந்தவர்களில் பலர் மாலுமிகள், நிறையக் குடித்தவர்கள், பாட்டின் மொழி புரியாதவர்கள். தொடக்கத்தில் இந்தப் பையன்கள் மரம் மாதிரி நின்று வாசித்தார்கள். கோஷ்மீடர் கீழே நின்று 'மாக் ஷாவ்! மாக் ஷாவ்!' என்று கத்துவார். வேடிக்கை காட்டு என்று அர்த்தம். லெனன் நொண்டுவார், தரையில் உருளுவார், ஜெர்மன்காரர்களைப் பார்த்து வாய்க்கு வந்ததைத் திட்டுவார். அவர்களும் சிரித்துக்கொண்டே மேடைக்குப் பீர் அனுப்புவார்கள். கொஞ்ச நாளில் கூட்டமே 'மாக் ஷாவ்' என்று கத்த ஆரம்பித்தது.

நாற்பத்தெட்டு இரவுக்குப் பிறகு, இரைச்சல் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் கொடுத்த புகாரால் இந்த்ராவில் இசை நின்றது. அக்டோபர் 4 முதல் அதே தெருவின் கைசர்கெல்லர்.

அங்கே இவர்களோடு மாறி மாறி வாசித்தது ரோரி ஸ்டார்மின் குழு. அதன் டிரம்மர் ரிங்கோ ஸ்டார். மேடை மரம் உளுத்துப் போயிருந்தது. யார் குதித்து முதலில் உடைப்பது என்று இரண்டு குழுவுக்கும் பந்தயம். ரோரி ஜெயித்தார். அக்டோபர் 15 அன்று ரயில் நிலையம் அருகே ஒரு சிறிய பதிவுக்கூடத்தில், ரோரி குழுவின் லூ வால்டர்ஸ் பாட, லெனன், மெக்கார்ட்னி, ஹாரிசன், ரிங்கோ சேர்ந்து வாசித்தார்கள். பின்னாளில் பீட்டில்ஸ் என்று உலகம் அறிந்த நால்வரும் ஒரே பதிவில் சேர்ந்தது அதுதான் முதல் தடவை. அந்தத் தட்டு இன்று யாரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை.

பீர் எப்போதும் ஓடியது. தூக்கத்தை விரட்டும் மெலிவு மாத்திரைகள் அதிகம் புழங்கியது அடுத்த வருடத்தில்தான். இரண்டையும் வீரம் போல எழுதுகிறவர்களோடு என்னால் சேர முடியவில்லை. அவர்கள் பிள்ளைகள். ராத்திரி முழுக்க நிற்க வைத்தார்கள், நிற்பதற்குக் கிடைத்ததை விழுங்கினார்கள்.

மூன்று ஓவிய மாணவர்கள்

அக்டோபரில் ஒருநாள் இரவு கிளௌஸ் ஃபோர்மான் என்ற ஓவிய மாணவர் காதலியோடு சண்டை போட்டுக்கொண்டு தெருவில் தனியாக நடந்துகொண்டிருந்தார். நிலவறையிலிருந்து வந்த சத்தம் அவரைக் கீழே இழுத்தது. முரட்டு ஆட்கள் நிறைந்த இடம். பயந்துகொண்டேதான் உட்கார்ந்தார், ஆனால் எழுந்திருக்கவில்லை. பிறகு காதலி ஆஸ்ட்ரிட் கிர்ஷெரையும் நண்பர் யுர்கன் ஃபோல்மரையும் அழைத்து வந்தார்.

ஆஸ்ட்ரிட் புகைப்படக் கலைஞர். குழுவைப் பகல் வெளிச்சத்தில் பொருட்காட்சி மைதானத்துக்கு அழைத்துப் போனார். பின்னால் இரும்புச் சட்டங்களும் சரக்கு வண்டிகளும். பையன்களிடம் இளிப்பு இல்லை, அலட்டல் இல்லை. அன்றைய பாப் பாடகர் படங்களில் எல்லோரும் பல் தெரியச் சிரிப்பார்கள். இந்தப் படங்களில் ஐந்து இளைஞர்கள் குளிரில் நின்று நேராகப் பார்க்கிறார்கள். தங்களை அப்படி ஒருவர் பார்க்க முடியும் என்பதே அவர்களுக்குப் புதிதாக இருந்திருக்கும். ஸ்டூவர்ட் சட்கிளிஃபுக்கும் ஆஸ்ட்ரிடுக்கும் காதல் உண்டாயிற்று. ஒருவர் மொழி மற்றவருக்கு அரைகுறை. நவம்பரில் நிச்சயம் செய்துகொண்டார்கள்.

கலைந்த விதம்

பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் இரவு பத்து மணிக்கு மேல் அந்தக் கிளப்புகளில் இருக்கக் கூடாது. பத்து மணியானதும் விளக்கு முழுவதும் எரியும், இசை நிற்கும், போலீசார் மேஜை மேஜையாக அடையாளச் சீட்டைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். பதினேழு வயது ஹாரிசன் அந்த நேரத்தில் மேடையிலேயே இருப்பார். வாசிக்கிறவனை யாரும் கேட்கவில்லை. மூன்று மாதம் அப்படியே போனது.

இதற்கிடையில் ரீப்பர்பானில் பீட்டர் எக்ஹார்ன் நடத்திய டாப் டென் கிளப்புக்கு இவர்கள் போய்வரத் தொடங்கினார்கள். அங்கே டோனி ஷெரிடன் என்ற ஆங்கிலேயப் பாடகர் இருந்தார். கூலியும் அதிகம், படுக்கையும் பரவாயில்லை. வேறிடத்தில் வாசிக்கக் கூடாது என்பது கோஷ்மீடருடன் போட்ட ஒப்பந்தம். நவம்பர் 1 தேதியிட்டு அவர் விலக்கல் அறிவிப்புக் கொடுத்தார். ஹாரிசனுக்கு வயது பதினேழுதான் என்று அதிகாரிகள் கண்டுபிடித்ததைக் காரணமாகக் காட்டியிருந்தார். அதிகாரிகளிடம் யார் சொல்லியிருப்பார்கள் என்ற கேள்விக்கு அவர்களிடம் ஒரே பெயர்தான் இருந்தது.

நவம்பர் 21 அன்று ஹாரிசன் நாடு கடத்தப்பட்டார். கிளம்பும் முன் கிட்டாரில் தான் வாசிக்கும் பகுதிகளை லெனனுக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். தான் இல்லாமலே குழு ஓடிவிடுமோ என்ற பயம் இருந்தும் சொல்லிக் கொடுத்தார். பிறகு அந்தப் பையன் தனியாக ரயிலும் கப்பலும் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தான்.

மாதக் கடைசியில் மெக்கார்ட்னியும் பெஸ்டும் பாம்பி கினோவிலிருந்து சாமான்களை எடுக்கப் போனார்கள். நடைபாதை கும்மிருட்டு. வெளிச்சத்துக்காக ஓர் ஆணுறையைச் சுவரில் மாட்டிக் கொளுத்தினார்கள். சுவரில் கொஞ்சம் கரி படிந்தது, அவ்வளவுதான். கோஷ்மீடர் தீவைப்பு முயற்சி என்று புகார் கொடுத்தார். டேவிட்வாக்க காவல் நிலையத்தில் அடைத்தார்கள், பிறகு விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். டிரம் செட் ஹாம்பர்க்கிலேயே நின்றுவிட்டது. லெனன் டிசம்பர் 10 அன்று ரயிலில் கிளம்பினார். ஒலிபெருக்கிப் பெட்டியை வழியில் யாராவது திருடிவிடுவார்களோ என்று முதுகிலேயே கட்டிக்கொண்டு வந்தார். சட்கிளிஃப் ஆஸ்ட்ரிட் வீட்டில் தங்கிவிட்டார்.

ஊர் திரும்பியவர்கள் உடனே ஒருவரை ஒருவர் தேடிப் போகவும் இல்லை. லெனன் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தார். மற்றவர்கள் வந்துவிட்டதே ஹாரிசனுக்குச் சில நாள் தெரியாது. மெக்கார்ட்னி அப்பாவின் பேச்சைக் கேட்டு மின்கம்பிச் சுருள் சுற்றும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். குழு முடிந்துபோயிருக்க எல்லாக் காரணமும் இருந்தது. டிசம்பர் 17 அன்று கஸ்பாவில் மறுபடி கூடினார்கள். சட்கிளிஃபின் இடத்தில் சாஸ் நியூபி. பத்து நாளில் லிதர்லேண்ட்.

மணிக்கணக்கு சொல்லாதது

பத்தாயிரம் மணி நேரம் உழைத்தால் எவரும் மேதை ஆகலாம் என்ற பேச்சுக்கு இந்தக் குழுவை உதாரணம் காட்டுவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒப்பந்தப்படி வாரத்துக்கு 34½ மணி. பதினைந்து வாரம் என்று வைத்தால் 500ஐச் சற்றே தாண்டுகிறது. 1962 முடியும்வரை அவர்கள் ஹாம்பர்க் போன ஐந்து பயணங்களையும் சேர்த்தாலும் சுமார் 270 இரவுகள். இரவுக்கு ஆறு மணி என்று தாராளமாகப் போட்டாலும் 1,700ஐ எட்டாது.

அதைவிட முக்கியமான விஷயம், அதே மணி நேரத்தை அதே மேடையில் மற்றவர்களும் வாசித்தார்கள். டெர்ரி அண்ட் தி சீனியர்ஸ் இவர்களுக்கு முன்பே அங்கே இருந்தார்கள், இவர்களைவிட நன்றாகவும் வாசித்தார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் கையில் காசில்லாமல் பிரிட்டிஷ் தூதரகத்தின் உதவியில் ஊர் திரும்பினார்கள். ரோரி ஸ்டார்ம் அன்றைய லிவர்பூலின் பெரிய நட்சத்திரம், ஹாம்பர்க்கில் இவர்களைவிட அதிகக் கூலி வாங்கியவர். அவருக்கும் அந்த இரவுகள் அடுத்த கதவைத் திறக்கவில்லை.

என் கணிப்பு இது. ரோரியிடம் ஏற்கெனவே முழுமையான ஒரு நிகழ்ச்சி இருந்தது, அதை அவர் இன்னும் பளபளப்பாக்கினார். சீனியர்ஸிடம் தேர்ந்த வாசிப்பு இருந்தது. பீட்டில்ஸிடம் எதுவும் இல்லை, அதனால் எல்லாவற்றையும் முயன்று பார்த்தார்கள். ஒரு பாட்டு தீர்ந்தால் இன்னொன்று, ஒருவர் குரல் போனால் இன்னொருவர், நின்று வாசித்தது எடுபடாவிட்டால் உருண்டு வாசிப்பது. அதோடு, ஒரே இருட்டறையில் படுத்து, ஒரே தட்டில் சாப்பிட்டு, பேசப் புரியாத ஊரில் ஒருவருக்கொருவர் மட்டுமே துணையாக இருந்தார்கள். அந்த நெருக்கம் மேடையில் கேட்கிறது.

அவர்கள் மறுபடி போனபோது முறையாகப் போனார்கள். ஹாரிசனுக்குப் பதினெட்டு நிறைந்திருந்தது. நாடு கடத்திய தடையை நீக்க எக்ஹார்ன் முயற்சி எடுத்தார், காசும் கட்டினார். 1961 ஏப்ரல் முதல் ஜூலை தொடக்கம் வரை டாப் டென் மேடை. ஜூனில் டோனி ஷெரிடனுக்குப் பின்னணியாக, பெர்ட் கெம்ஃபர்ட் தயாரிப்பில் பாலிடோர் நிறுவனத்துக்கு வாசித்தார்கள். அந்தத் தட்டைக் கேட்டு லிவர்பூலில் ஒரு வாடிக்கையாளர் இசைத்தட்டுக் கடைக்குப் போனதும், கடையை நடத்திய, பின்னாளில் இவர்களின் மேலாளரான பிரையன் எப்ஸ்டீன் இந்தக் குழுவைத் தேடிப் போனதும் பிற்பாடு.

அந்த 1961ஆம் வருடமே சட்கிளிஃப் குழுவிலிருந்து விலகினார். பேஸ் கிட்டார் மெக்கார்ட்னிக்கு வந்தது. இடக்கையால் பிடித்தாலும் அசிங்கமாகத் தெரியாது என்று வயலின் உருவத்தில் இருந்த ஹோஃப்னர் ஒன்றை அவர் ஹாம்பர்க்கில் வாங்கினார். சட்கிளிஃப் அங்குள்ள கலைக் கல்லூரியில் சிற்பி எடுவார்டோ பவலோட்ஸியிடம் மாணவராகச் சேர்ந்தார். பெரிய பெரிய ஓவியங்களாக வரைந்து தள்ளினார். தலைவலி வர ஆரம்பித்தது. போகப் போக அது தாங்க முடியாததாக ஆனது.

1962 ஏப்ரல் 10 அன்று மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு அவர் இறந்தார். வயது 21. லெனனும் மெக்கார்ட்னியும் பெஸ்டும் மறுநாள் ஹாம்பர்க் விமான நிலையத்தில் இறங்கினார்கள். ஆஸ்ட்ரிட் அங்கே காத்திருந்தார். ஸ்டூ எங்கே என்று கேட்டார்கள். அவர் சொன்னார். 13ஆம் தேதி குரோஸ ஃபிரைஹைட்டில் ஸ்டார் கிளப் திறப்பு விழா. அன்று இரவு அவர்கள் மேடை ஏறி வாசித்தார்கள்.